அரைப்பேர்

வலியா என்றாள் மிஸ்ஸி. வலி இல்லை.
அரிப்பா? அதுவும் இல்லை.
குத்துதா, விறைக்குதா, மரத்துப் போகுதா?
எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு
கடைசியில் சொன்னேன்:
எலும்புக்குள்ள அட்டை போகுது மிஸ்ஸி.

வெளியே ஏறுகிற அட்டைக்கு
சவர்க்காரம் இருக்கிறது, உப்பு இருக்கிறது.
மழை நாளில் ஆறாம் நம்பர் மலையில்
பேசிக்கொண்டே பிய்த்துப் போடுவோம்.
இதற்கு எங்கே பூசுவது?

ஏழாம் மாதம் தொடங்கியது.
படுத்தால் வரும். எழுந்தால் போகும்.
போய்விட்டதென்று படுத்தால்
கதவோரம் காத்திருந்த மாதிரி
திரும்ப வரும்.
காம்பராவுக்குள் எட்டடி.
பிறகு இஸ்தோப்பு.
பிறகு பீலிக்கரை வரைக்கும்
மஸ்கெலியாப் பனியில் வெறுங்காலோடு.
குளிர்ந்த சிமெந்தில் நின்றால்
கொஞ்சம் சொல் கேட்கும்.

பகலெல்லாம் ஏறி இறங்கிய கால்
ராத்திரி எந்தக் கொழுந்துக்கு நடக்கிறது?
செக்ரோலில் இந்த நடைக்குப் பேர் விழாது.

நாலாம் நாள் சுவரைத் தட்டினாள்
அடுத்த காம்பராத் தவமணி.
"புருசன் வந்திருக்காரா? சண்டையா?"
அவர் வத்தளையில்
கடை மாடியில், பருப்பு மூட்டைகளுக்குப் பக்கத்தில்
தூங்கிக்கொண்டிருக்கிறார்.
"நான்தாங்க்கா. சும்மா நடக்குறேன்."
யார் சும்மா நடப்பார்கள்
விடிய மூன்று மணிக்கு.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள்.
சின்ன வயது டாக்டர், தமிழ் இடைக்கிடை தடுக்கும்.
கடதாசியைப் பார்த்தார். வாயைத் திற என்றார்.
காலுக்கு வந்தவளுக்கு வாயில் என்ன?
பல் விளக்கினால் ரத்தம் வருமா? வரும்.
எவ்வளவு நாளாய்?
அதை யார் எண்ணினார்கள்.

அழற்சி என்றார்.
அழல் என்றால் நெருப்பு,
எட்டாம் வகுப்பில் படித்தது.
எங்காவது சின்னதாய்ப் புகைந்தால்கூட
உடம்பு பயந்துபோய்
இரும்பை உள்ளே வைத்துப் பூட்டிவிடுமாம்.
அது எனக்கு உடனே விளங்கியது.
ஸ்டோர்க்காரர் சாவியோடு போய்விட்டால்
மா மூட்டை உள்ளே அடுக்கியிருக்க
வெளியே வரிசை நிற்கும்,
ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி மாறி.

"அப்படியும் இருக்கலாம்" என்றார்.
"முழுக்கத் தெரியாது இன்னும்.
பிள்ளை பிறந்தால் நிறையப் பேருக்குப் போய்விடும்."
கிளினிக் அட்டையில் வியாதியின் பேரை எழுதினார்.
காரணம் பாதி, நம்பிக்கை பாதி.
பேர் விழுந்தது, அரைப்பேர்.

ஒன்று மட்டும் கண்டிப்பாய்ச் சொன்னார்:
இரும்பு மாத்திரை போடுகிற நேரம்
தேத்தண்ணி கூடாது,
சத்தைச் சேரவிடாது.
வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.
ஏனென்று அவருக்கு விளங்கவில்லை.
வரிசையில் இருந்த பொம்பளைகளுக்கு விளங்கியது.

இன்றைக்கும் மூன்று மணி.
உப்புத் தண்ணியில் வாய் கொப்பளித்துவிட்டு
இஸ்தோப்பில் நடக்கிறேன்.
வயிற்றுக்குள்ளும் இரண்டு கால்
சும்மா இருக்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல்.
"எத்தனாவது சுத்துடி?"
"எண்ணலக்கா."
"எண்ணு. விடிஞ்சா
கிலோக் கணக்குல போட்டுருவோம்."