இரண்டு விரல்

கீழமாசி வீதியில்
மாட்டுக் கயிறும் சலங்கையும் விற்கிற கடை.
"கழுத்து எத்தனை அங்குலம்?" என்றார்
காஜா மைதீன்.
அளந்ததில்லை.
அளக்க அது விட்டதில்லை.

தோல் பட்டை, நைலான் பட்டை,
பித்தளைக் குமிழ் வைத்தது,
உள்பக்கம் பல் வைத்தது,
இழுத்தால் இறுகும் சங்கிலி.
ஒவ்வொன்றையும் தன் மணிக்கட்டில் மாட்டிக் காட்டினார்
வளையல் கடைக்காரர் போல.
பல் வைத்ததை மட்டும் மாட்டவில்லை.

"எதை வாங்குனாலும்
பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவுல
ரெண்டு விரல் நுழையணும்மா.
ஒண்ணுதான் நுழைஞ்சா மூச்சு முட்டும்,
மூணு நுழைஞ்சா உருவிட்டு ஓடிரும்."
இரண்டு விரலை நீட்டியபடியே
மறு கையால் கல்லாவில் சில்லறை துழாவினார்.

சில்லறை.
நாய்க்கும் அதுதான் பெயர்.

திருமங்கலம் தாண்டி நாலுவழிச் சாலையில்
சுங்கச்சாவடி, மூன்றாம் தடம்,
கண்ணாடிக் கூண்டுக்குள் நான்.
ஃபாஸ்டேக் வந்த பிறகு
யாரும் சில்லறை நீட்டுவதில்லை.
பீப் என்றால் கம்பம் எழும்,
வண்டி போகும், அடுத்த வண்டி.
ஒரு புரட்டாசி விடியலில்
கம்பத்துக்கு அடியில் குனிந்து வந்தது
செவலை நிறத்தில் ஒரு விலா எலும்புக் கூட்டம்.
சிப்பிப்பாறை பாதி, தெரு பாதி.
கழுத்தைச் சுற்றி
எவனோ முறுக்கிய கட்டுக்கம்பி.
குட்டி வளர்ந்திருந்தது,
கம்பி வளரவில்லை.

மயக்கம் கொடுத்து அறுத்தெடுத்த கம்பியை
மாத்திரை டப்பாவில் போட்டுத் தந்தார்கள்.
ஏன் வாங்கி வந்தேன், தெரியாது.

"சங்கிலி போடுங்க, ஒரே சுண்டு,
தன்னால வழிக்கு வரும்" என்றார்
எதிர்வீட்டுத் துரைச்சிங்கம்.
அவர் செருமினாலே
அவருடைய ராஜபாளையம் உட்கார்ந்துவிடும்.
உட்காரும்போது கொஞ்சம் மூத்திரமும் போகும்.

நான் கூலி தேடினேன்.
பொறையை மோந்துவிட்டு நகர்ந்தது.
தயிர்ச்சோற்றுக்கு வாலில்லை.
முட்டைக் கருவுக்கு ஒரு காது மட்டும் எழுந்தது.
நெல்பேட்டைக் கோழி ஈரலுக்கு
எலும்புகள் எல்லாம் ஒன்றாய்த் திரும்பின.
உப்பில்லாமல் அவித்து
சுண்டுவிரல் நகத்தில் பாதியாய் நறுக்கினேன்.
பெரிய துண்டென்றால் தின்றுவிட்டு மறந்துவிடும்.

அலுவலகப் பேனாவை
டக் என்று அமுக்குவேன், ஈரல்.
டக், ஈரல்.
பக்கத்தில் நின்றால் டக்.
கையைப் பார்த்தும் உறுமாவிட்டால் டக்.
காது நுனிவரை வர மூன்று வாரம்.
தோளைத் தொட்ட அன்று தீபாவளி.
ஒரு சரவெடி,
கட்டிலுக்கு அடியில் இரண்டு நாள்,
பிறகு மறுபடியும் முதலிலிருந்து.

கூண்டுக்குள் பேனாவை அமுக்கும்போதெல்லாம்
எனக்கே நாக்கில் எச்சில் ஊறியது.
மாதக் கடைசியில் அருள்மாறன் சார்
என் பிழைகளை மட்டும் வாசித்தார், ஏழு.
பிழையில்லாமல் அனுப்பிய பத்தாயிரம் வண்டிக்கு
ஒரு டக் கூட இல்லை.

மார்கழியில் ஒரு நாள்
இரவு வேலை முடிந்து
வாசற்படியில் செருப்போடு உட்கார்ந்திருந்தேன்.
பேனா பையில். ஈரல் தீர்ந்து போயிருந்தது.
சில்லறை வந்தான்.
தொங்கிய என் கைக்கு அடியில்
கழுத்தைக் கொண்டுவந்து வைத்தான்.
முடி முளைக்காத அந்த வரப்பின்மேல்
இரண்டு விரல், அசையாமல்.
அதற்கு அடியில் நாடி
லாரி போகும் பாலம் போல அதிர்ந்தது.

நாக்கால் டக் என்றேன்.
வெறுங்கையை மோந்து பார்த்தான்.
"மீதி இறங்கும்போது வாங்கிக்கடா" என்றேன்
பஸ் கண்டக்டர் மாதிரி.
கொஞ்ச நேரம் நின்றான்,
பிறகு என் காலடியில் படுத்தான்.

மறுநாள் ரசீதோடு போய்
பிரிக்காத தோல் பட்டையைக் கல்லா மேல் வைத்தேன்.
"இறுக்கமா? லூசா?"
கழுத்து பதினாலரை அங்குலம் பாய், என்றேன்.
நூல் வைத்து அளந்தேன்.
ஆனால் கழுத்துக்கு வேண்டாம்.
நெஞ்சோடு மாட்டுகிற பட்டை இருந்தால் எடுங்கள்.