நாலரை இன்ச்

மூன்று கொட்டேஷன் வந்திருக்கிறது,
ஒரு வீட்டை இரண்டு வீடாக்க.

முதலாவது கெட்டி அட்டைக் கோப்பில்.
பவானி அசோசியேட்ஸ், மாதவரம்.
ஆறு லட்சத்து எண்பத்து நாலாயிரம், ஜிஎஸ்டி தனி.
கம்ப்யூட்டர் படத்தில் எங்கள் ஹாலில்
யாரோ ஒரு வெள்ளைக்காரி
கால்மேல் கால் போட்டுப் புத்தகம் படிக்கிறாள்.
அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு ஜன்னல்.
ஜன்னல் வைத்த சுவர் எங்களுடையதே இல்லை,
பேண்டு வாசிக்கும் இன்னாசியுடையது.

இரண்டாவது, குப்புராஜ் மேஸ்திரி.
காதுகுத்துப் பத்திரிகையின் முதுகில், பென்சிலில்:
செவுரு, படி, கிச்சன், கக்கூஸ்.
மொத்தம் நாலு பத்து.
டீக்காசு தனி.

மூன்றாவது ஜெபமணி.
கொருக்குப்பேட்டை கேட் மூடியதில்
முக்கால் மணி நேரம் தாமதமாய் வந்தவர்
அதையும் எழுதியிருக்கிறார்:
மணல் லாரி கேட்டில் நின்றால் வெயிட்டிங்.
இடிசல் வார மீன்பாடி வண்டி, பதினாறு நடை.
கலவைக்கு லாரித் தண்ணீர்.
ஐந்தே கால் லட்சம்.

யார்டில் பதினோரு வருஷமாய் டேலி எழுதுகிறேன்.
கன்டெய்னர் கதவு திறந்ததும்
இல்லாததை எண்ணத்தான் சம்பளம்.
குப்புராஜ் தாளில் தண்ணீர் இல்லை.
போர் தண்ணீரில் குழைப்பார்.
எங்கள் போர் தண்ணீரில் பருப்பே வேகாது;
சுவர் இரண்டாம் மழைக்கு உப்புப் பூக்கும்.

அண்ணனும் தம்பியும் பொங்கலிலிருந்து பேசுவதில்லை.
மோட்டார் ஸ்விட்சில் ஆரம்பித்தது.
எதில் முடிந்தது என்றால்
ஆளுக்கொரு தேதி சொல்கிறார்கள்.
மூன்று தாளையும் இரண்டு பேரும் படித்தார்கள்,
தனித்தனியாக,
ஒரே மூக்குக்கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு.
படித்துவிட்டு, வேறு வேறு அறையிலிருந்து
ஒரே வார்த்தை சொன்னார்கள்:
நடுச்சுவர் ஒன்பது இன்ச்.

ராத்திரி பத்தரைக்கு மேல்
நானும் என் ஓரகத்தி அமுதகலாவும்
சமையலறைத் தரையில் தாள்களை விரித்தோம்.
ஃபேன் காற்றுக்குப் பறக்காமல்
ஒன்றின்மேல் குழம்புக் கரண்டி,
ஒன்றின்மேல் இஞ்சி இடிக்கும் கல்,
ஒன்றின்மேல் அவளுடைய மாத்திரை டப்பா.

ஜெபமணி சுவருக்கு இரண்டு விலை போட்டிருந்தார்.
நாலரை என்றால் பத்தொன்பதாயிரம் குறையும்.
'இருபத்திரண்டு அடி நீளம்.
எட்டே கால் சதுரடி இடமும் மிச்சம்' என்றாள்
ஃபோனில் தட்டிப் பார்த்து.

'நாலரைன்னா எல்லாம் கேக்கும்க்கா.
இருமினா கேக்கும். சண்டை போட்டா கேக்கும்.'

அவள் டப்பாவை எடுத்தாள்.
அடியில் இருந்த தாள் ஒரு முறை எழும்பி விழுந்தது.
'போன மார்கழில
ராத்திரி மூணு மணிக்கு மூச்சு முட்டிச்சே எனக்கு.
பக்கத்துல இவுரு கொறட்ட.
யாரு காதுல வுழுந்திச்சு?'

என் காதில்தான்.
சட்டை பட்டனைக்கூட சரியாகப் போடாமல்
ஸ்டான்லிக்கு ஆட்டோ ஓட்டிப் போனவர்
இப்போது ஒன்பது இன்ச் கேட்கிற என் வீட்டுக்காரர்.

கதவு வைக்காத சுவருக்கு
எவ்வளவு தடிமன் என்று யாருக்குத் தெரியும்?
பூசி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்தால்
ஒன்பதும் சுவர்தான்
நாலரையும் சுவர்தான்.

மறுநாள் கேட்டுக்கு இந்தப் பக்கமாகவே
ஜெபமணியைப் பிடித்தோம்.
தாளில் ஒன்பது என்று எழுதுங்கள்,
விலை மட்டும் நாலரைக்கு.
பேரம் பேசிக் குறைத்தோம் என்று
நாங்கள் சொல்லிக்கொள்கிறோம்.

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.
கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது.

'இந்த ரேட்டுக்கு ஒன்பது இன்ச்சுனு வெளிய தெரிஞ்சா
கொருக்குப்பேட்டையே
என் வாசல்ல வந்து நிக்குமேம்மா.'