பத்து நாளைக்கு ஒருக்கா

அவிநாசி ரோட்டு நர்சரியில்
ரோஜாத் தொட்டியைத் தூக்கிய என்னிடம்
மயிலாத்தாள் காசு கேட்கவில்லை.
“ஊட்டுல ஜன்னலு எந்தப் பக்கமுங்க?”

வடக்கு.
ஜன்னலுக்கும் அடுத்த வீட்டுச் சுவருக்கும் நடுவே
ஒரு சைக்கிள் சாத்துகிற சந்து.
சுவருக்கு மஞ்சள் அடித்திருக்கிறார்கள்.
பத்தரைக்கு மேல் வெயில் அதில் மோதி
என் அறைக்குள் கொஞ்சம் சிந்தும்,
ஒன்றரை மணி நேரம்.
அதையும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பார்த்திருக்கிறேன்.

“அப்ப ரோஜாவக் கொல்லாதீங்கம்மணி.”
மூலையிலிருந்து
கத்தி கத்தியாய் நின்ற ஒன்றை நகர்த்தினாள்.
பாம்புச் செடி, நூற்றிருபது ரூபாய்.
“நீங்க மறந்தீங்கன்னா இது பொழைச்சுக்கும்.
எச்சாத் தண்ணி ஊத்துனாத்தான் செத்துப்போகும்.”

சுருக்கென்றது.
போன ஆடியில் வாங்கிய மணி பிளான்ட்டுக்கு
பகலெல்லாம் தனியே விட்ட குற்றத்துக்காக
ராத்திரி ராத்திரி ஒரு சொம்பு ஊற்றியவள் நான்.
பிடுங்கிப் பார்த்தபோது வேர்
ஆறிப்போன சேமியா மாதிரி குழைந்திருந்தது.

“பேரே பாம்பு. ஊட்டுக்குள்ள ஆகாதுங்கோ”
என்றார் ஹவுஸ் ஓனர் தெய்வாத்தாளக்கா.
கற்றாழையில் ஒரு ஜாதி என்றேன்.
வாடகை ஏறவில்லை.

பெயிண்ட் டப்பாவின் அடியில்
கம்பியைக் காய்ச்சி நாலு ஓட்டை.
எட்டு வருசமாய் பனியனில் ஓட்டை தேடி
ரிஜெக்ட் போடுகிறவள்
முதல்முறையாக ஓட்டை போட்டேன்.
பாதி செம்மண், கால்வாசி மணல்,
மிச்சத்துக்குப் பொள்ளாச்சி நார்த்தூள்.

எங்கள் லைனில் போர் தண்ணி உப்பு.
சோப்பு நுரைக்காது, இலை நுனி கருகும்.
நல்ல தண்ணி பத்து நாளைக்கு ஒருக்கா,
வெடியால மூணு மணிக்கு.
குடம், டிரம், பக்கெட், குக்கர் வரைக்கும் நிறைந்தபிறகு
ஒரு டம்ளர் அதன் பங்கு.
முதலில் ஆள்காட்டி விரலை
இரண்டாம் கணு வரைக்கும் மண்ணுக்குள் விடுவேன்.
ஈரம் ஒட்டி வந்தால்
டம்ளரை நானே குடித்துவிடுவேன்.

என் முடியில் ஒட்டிக்கொண்டு வரும் கம்பெனிப் பஞ்சு
அதன் மேலும் படிகிறது.
பனியன் வேஸ்ட்டை நனைத்துத் துடைக்கிறேன்.
சாம்பல் நிறம், எக்ஸ்போர்ட் குவாலிட்டி.
வேறொன்றும் செய்வதில்லை.
உரம் கேட்டதில்லை, நானும் சொல்லவில்லை.

கார்த்திகையில் ஒரு இலையின் நடுவில் பழுப்புக் கறை.
கை தானாகப் பையைத் துழாவி
சிவப்பு அம்பு ஸ்டிக்கரை எடுத்து ஒட்டிவிட்டது.
குறை எங்கே என்று காட்டுகிற அம்பு.
பிடுங்கிப் போட வேண்டியதுதான், கம்பெனியில் என்றால்.
ரெண்டு மாசம் அது காட்டிக்கொண்டே நின்றது.
கறை நகரவில்லை.
பக்கத்தில், மண்ணைக் கீறிக்கொண்டு,
சுருட்டிய பில் மாதிரி ஒரு குருத்து.

பக்கத்து ரூம் சுபாசினி, பேக்கிங் செக்சன்,
ஒடிசாவிலிருந்து வந்து அஞ்சு மாசம்.
அவளுக்குத் தெரிந்த தமிழ்
எவ்ளோ, சீக்கிரம், நாளைக்கு வா.
குருத்தைத் தொட்டுப் பார்த்து
“எவ்ளோ?” என்றாள்.

கறை இலையை அடியோடு அறுத்தேன்.
கறைக்கு மேலும் கீழும் நன்றாகத்தான் இருந்தது.
நாலு விரற்கடை அளவில் மூன்று துண்டு,
ரெண்டு நாள் காய வேண்டும்.
தலைகீழாக நட்டால் வேர் பிடிக்காது.
எது மேல் என்று மறக்காமலிருக்க
ஒவ்வொன்றிலும் ஒரு அம்பு ஒட்டினேன்,
மேலே பார்க்க.

ஹார்லிக்ஸ் டப்பாவில் நட்டுக் கொடுத்தபோது
தண்ணிக் குடத்தைக் காட்டிக் கேட்டாள்:
“எவ்ளோ?”
பத்து விரலையும் விரித்துக் காட்டினேன்.
தலையாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பத்து நாள் என்று எடுத்துக்கொண்டாளா
பத்து டம்ளர் என்றா.
நாளைக்கு முறைத் தண்ணி.
குழாயடியில் கேட்டுவிட வேண்டும்,
கையால்தான் கேட்க வேண்டும்.