அரை இஞ்ச்

தேன்கனிக்கோட்டையை விட்டால்
தார்ச்சாலை கொஞ்ச தூரம் நேராகத்தான் போகிறது.
என் ஜீப்புக்கு மட்டும்
இடப்பக்கம் எதையோ விட்டுவிட்டு வந்த நினைப்பு.

ஜெகதேவி குவாரியில் ஏலத்தில் எடுத்தது.
கல் சுமந்த உடம்பு.
பதினொரு வருஷமாகப் பெட்டமுகிலாளம் மேட்டுக்கும் கீழுக்கும்
பீன்ஸ் மூட்டை, ரேஷன் அரிசி,
ஒரு ராத்திரி பனிக்குடம் உடைந்த பெண்,
அவள் முழங்காலைப் பிடித்தபடி மாமியார்.
ஸ்டியரிங்கை வலப்பக்கமாக
இழுத்துப் பிடித்தபடியே
எல்லாரையும் நேராகக் கொண்டுபோய் இறக்கினேன்.

மழைக்கு முன்னால்
திம்மராயப்பா ஷெட்டில் விட்டேன்.
ஜாக்கியில் தூக்கி
முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தார்.
டக்.
விழப்போகிற பாற்பல்லை
நாக்கு சும்மா விடாததுபோல
இன்னொரு தடவை அசைத்தார்.
டக்.
"கேட்டுச்சா?"

கிங்பின் போயிருந்தது.
டை ராடு முனை இரண்டும் போயிருந்தது.
ஷேக்கில் புஷ் ரப்பரா கருவாடா தெரியவில்லை.
துருப்பிடித்த நட்டுக்கு டீசல் ஊற்றி
டீ குடித்து
சுத்தியலால் தட்டி
கெட்ட வார்த்தை சொல்லி
மறுபடி டீசல் ஊற்றி.

மூன்றாம் நாள் இடப்பக்கப் பட்டைகளைப் பிரித்துக்
கோணிமேல் வரிசையாகப் போட்டார். ஏழு.
மெயின் பட்டையில்
சென்டர் போல்ட் துளையோரம் மயிரிழைபோல ஒரு கோடு.
விரலுக்குத் தட்டுப்படவில்லை,
நகத்துக்குத் தட்டுப்பட்டது.

"இதோடவா மலையேறினே?"
திட்டா மரியாதையா பிரிக்க முடியாத குரல்.
நான் வளைவுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
எதில் விழுந்திருக்கும் அந்தக் கோடு?
அந்த ராத்திரி
"மெதுவா, மெதுவா" என்று மாமியார் கத்த
"வேகமா" என்று அவள் கத்தினாளே
அந்தப் பள்ளத்திலா?

புதுப் பட்டை ஓசூரிலிருந்து பஸ்ஸில் வந்தது.
கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கிழித்திருந்தார்.
யூ போல்ட்டை நான்தான் முறுக்கினேன்,
ஸ்பேனரில் குழாய் செருகி, புடவையை இழுத்துச் செருகி,
முழு உடம்பையும் தொங்கவிட்டு.
திம்மராயப்பா பக்கத்து மீன்கடையில்
கொக்கித் தராசு கடன் வாங்கி வந்தார்.
சக்கரம் திரும்ப எத்தனை கிலோ இழுவை?
இழுத்தார். ஒரு ஷிம்மை உருவினார்.
இழுத்தார். மெல்லிசாக இன்னொன்றைச் சொருகினார்.
தராசில் ஒட்டியிருந்த செதில் ஒன்று
அச்சில் விழுந்து மினுங்கியது.

ஐந்தாம் நாள் சாயங்காலம் எடுத்தேன்.
ஊர் எல்லை தாண்டிக் கியரை மாற்றினேன்.
கை தன் வேலையைச் செய்தது.
வலப்பக்கம். எப்போதும்போல.
எதிரே பால்கேனோடு வந்த பைக்காரன்
மண்ணில் இறங்கி நின்று கன்னடத்தில் ஆரம்பித்தான்,
போதாமல் தெலுங்குக்கு மாறினான்,
முடிவுரை தமிழில்.
கேன் மூடியிலிருந்து ஒரு சொட்டு, ஒரு சொட்டு.

வண்டியை ஓரங்கட்டினேன்.

போன தீபாவளிக்கு அளவெடுத்த ஷம்ஷாத்
டேப்பை இரண்டு தடவை சுற்றிப் பார்த்தாள்.
"வலது தோள் அரை இஞ்ச் கூட இருக்கே அக்கா."
உன் டேப் பழசு என்றேன்.
அவள் பேசாமல் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஆளில்லாத நீட்டில்
இரண்டு உள்ளங்கையையும் கொஞ்சம் விலக்கிப் பார்த்தேன்.
ஸ்டியரிங் நடுவிலேயே நின்றது.
அய்யூர்க் காடு தன்பாட்டுக்கு எதிரே வந்தது.
மடியில் கிடந்த வலக்கை
தூக்க ஒன்றும் இல்லாமல்
புடவை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தது.

இருநூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வா என்றிருக்கிறார்.
பட்டை படியும், போல்ட் தளரும்,
மறுபடி முறுக்க வேண்டுமாம்.

சீட்டுக்கடியில் ரவிக்கைத் துணி கிடக்கிறது,
மயில்கழுத்து நிறம், எண்பது சென்டிமீட்டர்.
ஷம்ஷாத்திடம் இப்போதே கொடுப்பதா,
இருநூறு ஓடட்டும் என்றிருப்பதா?