பெயர் வெட்டாத கல்

கிருஷ்ணகிரி, இரண்டாம் ஷிப்ட் வகுப்பு,
மணி மூன்று ஐந்து.
மூன்று மின்விசிறிகளில் ஒன்று சுற்றுகிறது.
அதன் கீழ் பெஞ்சு பிடிக்க
ஒரு சிறு போர் நடந்து முடிந்திருக்கிறது.
நான் கௌரவ விரிவுரையாளர்.
கௌரவம் தேதி தவறாமல் வருகிறது.

இன்று முதல் உலகப் போர்.
ஆய்வுக்குழு வந்த அன்று
முதல்வர் அறைக்குப் போன உலக வரைபடம்
திரும்பவில்லை.
கரும்பலகையில் நானே வரைகிறேன்:
பிரான்ஸ் பலாக்கொட்டையாக வந்துவிட்டது,
ஜெர்மனி இடம் போதாமல் நெளிகிறது.
ஷாஹீனா அந்த நெளிவையும் நகலெடுக்கிறாள்.

பதுங்குகுழி என்றேன்.
"தண்ணி நிக்குமா மேடம்?"
கேட்டது நாகவேணி.
போச்சம்பள்ளிக் காட்டில் அவள் அப்பா போட்ட
மூன்று போரிலும் புழுதிதான் வந்தது.
நிற்கும், முழங்கால்வரை, மாதக்கணக்கில்.
கால் அழுகும் என்றதும்
பேனாக்கள் நின்றன.

பிறகு அந்த எண்ணைச் சொன்னேன்.
சோம் நதிக்கரை, 1916, ஜூலை முதல் தேதி.
விடிந்து பொழுது சாய்வதற்குள்
ஒரு தரப்பில் மட்டும்
ஏறக்குறைய இருபதாயிரம் பேர்.
யாரும் நிமிரவில்லை.
இருபதாயிரம் என்றால் இங்கே
ஒரு சுயஉதவிக் குழுக் கடன்.

கடைசி பெஞ்சில் திம்மராயன்.
பர்கூர்ப் பக்கம் கிரானைட் பட்டறையில் ராத்திரி வேலை,
காதோரம் எப்போதும் கொஞ்சம் கல்மாவு.
வருகைப் பதிவுக்கு மட்டும் விழிப்பவன்
விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.
"மேடம், ஒரு கன்டெய்னருக்கு இருநூறு கல் ஏத்துவோம்.
அப்போ இது நூறு கன்டெய்னர்."
என்ன கல்?
"கல்லறைக்கு வைக்கிறது. ஜெர்மனி, போலந்து போகுது.
நாங்க பாலிஷ் மட்டும்.
பேரு அங்க வெட்டிக்குவாங்க."

சூப்பர்வைசர் டார்ச் அடித்துப் பார்ப்பாராம்.
பார்க்கிறவன் முகம் மீசையோடு தெரிய வேண்டும்,
தெரியாவிட்டால் ரிஜெக்ட்.
ஆக, அங்கே யாரோ ஒருவர்
பெயராகி அதில் இறங்கும் முன்பே
அரை மீசையும் தூக்கக் கண்ணுமாய்
இவன் இருந்திருக்கிறான்,
ஒவ்வொன்றிலும்.
பயமா இருக்காதாடா, என்றது முன் பெஞ்சு.
"ஓரம் உடைஞ்சாத்தான் பயம்.
கூலியில பிடிப்பாங்க."

மூன்று ஐம்பதுக்கு
ஓசூர்க் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது.
பாதி வகுப்பு எழுந்துவிட்டது.
காரணங்கள் ஐந்து, விளைவுகள் ஏழு,
மீதியை கைடில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்,
என் வாயால், நானே.

இப்போது இடைத்தேர்வுத் தாள் திருத்துகிறேன்.
போரின் விளைவுகளை விவரி. பத்து மதிப்பெண்.
திம்மராயன் முதல் வரியில்
'நூறு கன்டெய்னர்' என்று எழுதி
அடித்திருக்கிறான்.
கீழே கைடில் உள்ள ஏழும்
வரிசை மாறாமல்.
ஏழரை போட்டேன்.
அடித்த வரிக்கு மதிப்பெண் கிடையாது.

மணி பதினொன்று.
தாள்களைக் கட்ட நூல் தேடுகிறேன்.
பைபாஸில் சென்னைத் துறைமுகத்துக்கு
லாரிகள் கியர் மாற்றிப் போகின்றன.
எண்ணத் தொடங்கியிருக்கிறேன் போல,
பதினாலு, பதினைந்து.
எதில் மாங்கூழ், எதில் கல் என்று
கதவு சாத்திய பிறகு
தெரிவதில்லை.