பூஜ்யம் கிலோ

கிளாக்ஸ்விக் மீன் ஏலக் கூடம். பிப்ரவரி. அதிகாலை மூன்று.
ஆறு தராசுகளும் ஒரே விடை சொல்கின்றன.
காட் மீன் ஒரு பெட்டி: பூஜ்யம்.
பனிக்கட்டியோடு: பூஜ்யம்.
பொறுமையிழந்த யுஸ்டினஸ்
ரப்பர் பூட்சோடு தானே ஏறி நின்றார்.
பூஜ்யம்.
"சந்தேகம் இருந்தது, இப்போது உறுதி" என்றார்.
யாரும் சிரிக்கவில்லை.

புதுப்பிக்கவா என்று இயந்திரம் கேட்டபோது
ஆம் என்றது என் விரல்தான்.

அணைத்து ஏற்றினேன். கறுப்புத் திரை,
அதில் நேற்றுகளின் பட்டியல்.
412. 01:50. புதுப்பிப்புக்கு முன்.
411. திங்கள். தானாக எடுத்தது.
கீழே, வெகு கீழே,
88. எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்த மால்வின்
ஒரே சொல் எழுதி வைத்திருக்கிறான்:
தொடாதே.
ஏன் என்று இல்லை.
அவன் இப்போது ஓஸ்லோவில் பேருந்து ஓட்டுகிறான்.

ஸ்னாப்ஷாட் என்கிறோம், ஆனால் அது படமல்ல.
எடுத்த கணத்தில் அதற்கு எடையே கிடையாது.
இருப்பதை விரல் நீட்டிக் காட்டும், அவ்வளவுதான்.
நான் ஒரு கோப்பை மாற்றும்போதுதான்
பழையது அதன் கணக்கில் ஏறுகிறது.
நான் விலக விலக
அது கனக்கிறது.
88 இன்று வட்டில் பாதியைத் தின்றுவிட்டது.

412-ஐத் தேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
மூன்று இருபதுக்கு
யுஸ்டினஸ் தொண்ணூற்று நாலு கிலோ.
கூடம் கைதட்டியது. யாரோ காபி நீட்டினார்கள்.

நாலு மணிக்கு பிர்ணா வந்தாள், படகுச் சட்டை சொட்டச் சொட்ட.
"என் எழுபது பெட்டி எங்கே?"

புதுப்பிப்பு ஓடிய நாற்பது நிமிடத்தில்
எடை போட்டு, சீட்டு ஒட்டி அடுக்கியவை.
பனிக்குள் இருக்கின்றன.
பேரேட்டில் இல்லை.
பேரேட்டைத் தனி அறையில் வைத்திருக்க வேண்டும்,
வீடு பின்னால் போனாலும் அது போகாதபடி.
தெரியும். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று
ஒன்பது மாதமாகத் தெரியும்.

இயந்திரம் பொய் சொல்லவில்லை.
அதற்கு மணி ஒன்று ஐம்பது.
பிர்ணா இன்னும் கரைக்குக் கயிறே வீசவில்லை.

காகிதம் தேடி எடுத்தேன்.
எழுபதையும் மறுபடி தூக்கினோம்,
அவளுடைய ஆட்கள் இருவர், யுஸ்டினஸ், நான்.
முதல் பெட்டி நாற்பத்தொன்று புள்ளி இரண்டு.
சீட்டில் நாற்பத்தொன்று புள்ளி ஆறு.
பிர்ணா என்னைப் பார்த்தாள், தரையின் ஈரத்தைப் பார்த்தாள்.
"உருகியிருக்கும். இப்போது இருப்பதை எழுது."

விரல்கள் மரத்துப்போன பின் 413-ஐ எடுத்தேன்.
குறிப்பு கேட்டது.
'மீனோடு' என்று தட்டினேன்.

பிறகு, இடம் வேண்டுமே என்று, 88-க்குப் போனேன்.
அழிக்கவா என்றது.
ஓஸ்லோவில் முதல் பேருந்து கிளம்பியிருக்கும்.
அவன் ஓட்டட்டும்.
மதியம் கேட்கலாம்.