விரல் கணக்கு

கோலாலம்பூரில் பேஸ்பாலா என்று
என் மாமியார் இன்னும் நம்பவில்லை.
சம்பளம் உண்டா என்றால், உண்டு,
மாதம் ஆயிரத்து இருநூறு வெள்ளி,
மூன்று மாதமாகப் பாக்கி.

தவநேசன் எறிவான். நான் பிடிப்பேன்.
முட்டி மடக்கி உட்கார்ந்து
தொடைகளுக்கு நடுவே விரல் காட்டுவேன்:
ஒன்று என்றால் வேகம்,
இரண்டு என்றால் வளைவு.
பதிலுக்கு அவன் தலையை மட்டும் ஆட்டுவான்.

அவனிடம் மொத்தம் எட்டரை விரல்.
ஷா ஆலமில், இரவு ஷிப்டில்,
தகடு வெட்டும் இயந்திரம்
வலக்கையில் சுட்டுவிரலையும்
நடுவிரலில் பாதியையும் எடுத்துக்கொண்டது.
பெர்கேசோ பணத்தில்
ஒரு சிலிக்கான் விரல் வாங்கினான்.
கடையில் ஒரே நிறம்தான் இருந்ததாம்.
யாரோ வெள்ளைக்காரனுடைய சுட்டுவிரல்
அவன் கறுத்த கையில் குடிவந்தது போல இருக்கும்.
நகத்தில் பிறைகூட வரைந்திருந்தார்கள்.
பந்தின் தையலில் அதைச் சாய்த்துவைத்து
இரண்டு வருடம் எறிந்தான்.
ஒருவரும் கேட்கவில்லை.

செதாப்பாக் திடலில்
பட்டர்வொர்த் அணியோடு ஆட்டம்.
நாலுக்கு நாலு. கடைசிச் சுற்று.
இரண்டு பேர் அவுட். மூன்றாம் பேஸில் ஒருவன்
ஓடுவதற்குச் சாய்ந்து நிற்கிறான்.
கோம்பாக் பக்கம் வானம் கறுத்துவிட்டது.
அவர்களுடைய பயிற்சியாளர் லாவ்
விதிப்புத்தகத்தோடு உள்ளே வந்தார்,
நனையாமலிருக்க அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி.

எறிபவன் தன் கையிலோ விரலிலோ மணிக்கட்டிலோ
எதையும் ஒட்டிக்கொள்ளக் கூடாது.

நடுவர் ரொஹானி இரண்டு முறை படித்தார்.
மூன்றாம் முறை
விரல் வைத்துப் படித்தார்.
"கழற்றத்தான் வேண்டும்," என்றார்.
பிறகு மெதுவாக,
"எத்தனை விரல் இருக்க வேண்டும் என்று
இதில் எங்கேயும் போடவில்லை."

கழற்றினான்.
வைக்க இடமில்லை, என்னிடம் நீட்டினான்.
பின்பையில் போட்டுக்கொண்டு
மறுபடி முட்டி மடக்கினேன்.
குத்தியது.
பதினோரு விரலோடு உட்கார்ந்திருந்தேன்.

முதல் பந்து மண்ணில்.
இரண்டாவதை அடித்தான், கோட்டுக்கு வெளியே போனது.
மூன்றாவதை அவன் பார்த்துக்கொண்டே நின்றான், ஸ்டிரைக்.
நான் ஒன்று காட்டினேன்.
தவநேசன் தலையாட்டவில்லை.
இரண்டு காட்டினேன்.
ஆட்டவில்லை.
காட்டுவதற்கு என்னிடம் வேறு விரல் இருந்தது,
அர்த்தம்தான் இல்லை.

எறிந்தான்.
நேராக வந்த பந்து
கடைசி ஒரு முழத்தில்
படி தவறியவன் போல விழுந்தது.
மட்டை காற்றை வெட்டியது.
மூன்று ஸ்டிரைக்!
நான் கத்தினேன்,
கையுறையைப் பார்த்தேன்,
காலி.

மூன்றாவது ஸ்டிரைக்கைப் பிடிப்பவன் விட்டால்
தோற்றவன் ஓடலாம்.
அதுவும் அந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறது.
வேலிவரை நான் துரத்திப் போய்த் திரும்புவதற்குள்
ஒருவன் முதல் பேஸில்,
ஒருவன் வீட்டுக்குள்.
ஐந்து நாலு.
எங்கள் முறை வந்தது. மூவர் போனோம், மூவரும் அவுட்.
அதற்குப் பிறகுதான் மழை வந்தது, சாவகாசமாக.

வங்சா மாஜு மாமாக் கடையில்
விரலைத் துடைத்து
தே தாரிக் குவளைக்குப் பக்கத்தில் வைத்தேன்.
மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன்.
ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னான்:
"இத்தனை நாள் இது வழியில் நின்றிருக்கிறது, தெரியுமா?
இனிமேல் அந்தப் பந்துதான்.
நீ பிடிக்கப் பழகு."

மேசையில் கிடந்த விரல்
என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது.
அவன் அதைத் திருப்பி வைக்கவில்லை.